சோறும் சுடரும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறிச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவ்வளைவுகளில் மேலே செல்லும் வண்டி, கீழே இறங்கும் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டிய நேரங்கள் உண்டு. இறங்கி வரும் லாரிகளில் பல, மண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கை மலையளவு சுமந்து வருபவை. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க நூல்கள் போற்றும் அந்த மலை இன்றும் பல 'நாடு'களாகவே பகுக்கப்பட்டிருக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்னும் பழம்பெயர்களே இன்று ஊராட்சிகளின் பெயர்கள். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அமைந்திருப்பதால் வளப்பூர் நாட்டின் பெயர் வெளியூராருக்கும் தெரியும்.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அந்த மலைச்சரிவுகளில் இன்று மரவள்ளி விளைகிறது. லாரி ஏறும் கிழங்கு சமவெளிக்கு வந்து ஆலையில் அரைபட்டு, ஜவ்வரிசியாகி, நம் வீட்டுப் பாயசத்தில் வந்து சேர்கிறது. அதே கிழங்கைச் சர்க்கரையாக்கிப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடித்தால் மோட்டார் வண்டிக்கு எரிபொருளும் ஆகும். இந்திய அரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, எத்தனால் வடிப்பதற்கு ஏற்ற மூலப்பொருள்களின் வரிசையில் மரவள்ளியின் பெயரையும் சேர்த்திருக்கிறது.

ஒரே கிழங்கு, ஒரே நிலம். அது பசித்தவனின் வயிற்றுக்கா, பாய்ந்தோடும் வண்டிக்கா? இவ்வினா கொல்லிமலைக்கு மட்டும் உரியதன்று. தாவரங்களிலிருந்தும் கழிவுகளிலிருந்தும் பெறும் எரிபொருளை இன்று 'உயிரி எரிபொருள்' என்கின்றனர். நம் நாட்டில் அதைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளின் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அவ்வரலாறு எந்தெந்தத் திசையில் திரும்பியது, எங்கே வென்றது, எங்கே வழுக்கியது என்பதை அறிந்துகொண்டால், மலைமீது நிற்கும் அந்த வினாவுக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

எண்ணெய் எரிந்த காலம்

எண்ணெயை எரித்து ஒளி பெறுவது நமக்குப் புதிதன்று. ஆமணக்கின் எண்ணெய்க்கு நம் முன்னோர் இட்ட பெயரே 'விளக்கெண்ணெய்'. பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுக்கும்போது அப்பெயரின் பொருள் நம் நினைவுக்கு வருவதில்லை. புங்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும் புன்னை எண்ணெயும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் குடிசைகளிலும் விளக்கெரித்தன. மரக்கலம் கட்டிய கடற்கரையூர்களில் புன்னை எண்ணெய், பலகைகளைக் காக்கும் பூச்சாகவும் பயன்பட்டது. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழி நாம் அறிந்ததே. பூ சர்க்கரையாகவும், விதை விளக்காகவும் உதவிய மரம் அது. யாரும் அதற்கென்று நிலத்தை ஒதுக்கவில்லை. வரப்பிலும் குளக்கரையிலும் சாலையோரத்திலும் அவை தாமாக நின்றன. உணவு விளையும் வயலோடு அவற்றுக்குப் பகையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலேறி வந்தது மண்ணெண்ணெய். மலிவாகவும் ஒளி மிகுந்தும் இருந்த அதன் முன்னே மரத்தெண்ணெய்கள் மங்கின. செக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எந்த மரத்தின் கொட்டையை எந்தப் பருவத்தில் பொறுக்க வேண்டும் என்ற அறிவும் மெல்ல மறைந்தது. பின்னாளில் விஞ்ஞானிகள் அந்த அறிவை மீண்டும் தேடிச் செல்ல நேர்ந்தது.

போர் கற்பித்த பாடம்

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், ருடால்ப் டீசல் கண்டுபிடித்த வகை இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. பிரெஞ்சு அரசின் விருப்பத்திற்கிணங்கவே அச்சோதனை நடந்தது. குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள இயந்திரங்களை இயக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மரத்தெண்ணெய் பிசுக்கு மிகுந்தது; நாளடைவில் இயந்திரத்தின் உட்புறத்தில் கரி படிந்து அடைத்துவிடும். இக்குறையை நீக்கும் வழியை 1937இல் பெல்ஜிய நாட்டுப் பேராசிரியர் சவான் பதிவு செய்தார். எண்ணெயோடு ஆல்கஹாலைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் கிளிசரின் தனியே பிரிந்துவிடும். எஞ்சுவது மெல்லிய, எளிதில் எரியும் திரவம். இன்று 'பயோடீசல்' எனப்படுவது இதுவே.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இந்தியாவில் எண்ணெய்ப் பஞ்சம் ஏற்பட்டது. பர்மா ஜப்பானியர் வசமாயிற்று; அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. சென்னை ராஜதானியின் சாலைகளில், பின்புறம் உலையொன்றைச் சுமந்துகொண்டு கரி வாயுவில் ஓடிய பஸ்களைப் பற்றி நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருப்பார்கள். அந்நாளில்தான் நம் விஞ்ஞானிகளும் இத்துறையில் தீவிரமாக இறங்கினர். இந்தியத் தாவர எண்ணெய்கள் டீசல் இயந்திரத்துக்கு உதவுமா என்பதை ஆராய்ந்து சௌத்ரி, முகர்ஜி, அகர்வால், வர்மன் ஆகிய நால்வர் 1942இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான லால் சந்த் வர்மன் பின்னாளில் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தை உருவாக்கி வளர்த்தவர்.

கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து எரிசாராயம் வடித்துப் பெட்ரோலுடன் கலக்கும் முயற்சியும் அதே காலத்தில் வளர்ந்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், இந்திய எரிசாராயச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் போர் முடிந்து, அரபு நாடுகளிலிருந்து எண்ணெய் மலிவாக வரத் தொடங்கியதும் அச்சட்டம் ஏட்டளவில் உறங்கியது. 2000ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டபோது கவனித்தவர்கள் மிகச் சிலரே.

இவ்விடத்தில் ஒரு செய்தி. 'ஆல்கஹால்' என்ற சொல் அரபியிலிருந்து ஐரோப்பியர் பெற்றதாகும். 'அல்-குஹ்ல்' என்பது நாம் கண்ணுக்கு இடும் சுர்மா. மிக நுண்ணிய பொடிக்கு வழங்கிய அச்சொல், பின்னர் ஒரு பொருளின் சாரத்தைக் குறிக்கலாயிற்று. முடிவில் வடித்தெடுத்த சாராயத்துக்கே பெயராகிவிட்டது. வடிகலத்தைக் குறிக்கும் 'அலெம்பிக்' என்ற சொல்லும் 'அல்-அன்பீக்' என்ற அரபுச் சொல்லின் திரிபே. நறுமண நீர் வடிக்கும் முறைகளை விரித்தெழுதிய அல்-கிந்தியும், மண்ணிலிருந்து ஊறும் நஃப்தாவை வடித்துத் தெளிவாக்கும் முறையைக் குறித்துவைத்த அர்-ராஸியும் இக்கலையின் முன்னோடிகள். எரிசாராயம் என்றதும் நம் வீடுகளில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. எரிபொருளாகும் எத்தனால் நீர் முற்றிலும் நீக்கப்பட்டு, குடிக்க இயலாதவாறு வேறு பொருள் கலக்கப்பட்டே வண்டிக்குச் செல்கிறது. மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களுக்குரியது; நாம் இங்கே காண்பது வரலாறு.

சாணமும் அடுப்பும்

போர்க்காலத்து ஆராய்ச்சி வண்டியை நோக்கியது. விடுதலைக்குப் பின் எழுந்த ஆராய்ச்சியின் ஒரு கிளை அடுப்பை நோக்கித் திரும்பியது. இது நம் நாட்டு விஞ்ஞான வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி எனலாம்.

கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரிக்கும் முறை 1897இலேயே பம்பாய் மாதுங்காவில், தொழுநோயாளர் விடுதியொன்றில் நடைமுறைக்கு வந்தது. 1930களின் பிற்பகுதியில் டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்திலிருந்து வாயு உண்டாவதை முறைப்படி ஆராய்ந்தார். 1951இல் ஜஷ்பாய் படேல் மிதக்கும் இரும்பு மூடி கொண்ட கலத்தை அமைத்து, அதற்கு 'கிராமலக்ஷ்மி' என்று பெயரிட்டார். 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதை நாடெங்கும் பரப்பியது. இரும்பு மூடியின் விலை ஏழைக்கு எட்டவில்லை என்று கண்டு, 1978இல் செங்கல்லாலேயே கட்டும் 'ஜனதா' கலம் உத்தரப் பிரதேசத்தில் உருவாயிற்று. 1984இல் அதைவிடவும் செலவு குறைந்த 'தீனபந்து' வந்தது. ஒவ்வொரு மாறுதலுக்கும் பின்னே, வாங்க இயலாதவனுக்கும் கிட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தமை கவனிக்கத்தக்கது.

1973இல் அரபு–இஸ்ரேல் போரையொட்டிப் பெட்ரோலியத்தின் விலை சில மாதங்களில் நான்கு மடங்கு ஆயிற்று. மறு ஆண்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் 'அஸ்த்ரா' என்ற பிரிவு தொடங்கப்பட்டது. கிராமத்துக்குத் தேவையான விஞ்ஞானத்தை உருவாக்குவதே அதன் நோக்கம். அப்பிரிவினர் கருநாடக மாநிலத்துத் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களுக்குச் சென்று, எந்த வீட்டில் எவ்வளவு விறகு எரிகிறது, அதைப் பொறுக்க யார் எத்தனை நேரம் நடக்கிறார்கள் என்று கணக்கெடுத்தனர். விறகின் பெரும் பகுதி சமையலுக்கே செலவாவதையும், அச்சுமை பெண்கள் மீதும் பிள்ளைகள் மீதும் விழுவதையும் கண்டனர். அதன் விளைவாகக் குறைந்த விறகில், புகையின்றி எரியும் அடுப்பு உருவாயிற்று.

அவர்கள் புரா என்னும் சிற்றூரில் ஊர்ப்பொதுச் சாணவாயுக் கலம் அமைத்தனர். வீடுதோறும் சமையலுக்கு வாயு தருவது முதல் திட்டம். ஊரின் மாடுகள் தரும் சாணம் அதற்குப் போதவில்லை, திட்டம் தளர்ந்தது. ஊராரின் முதல் தேவை நல்ல தண்ணீர் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. 1987இல் அதே வாயுவைக் கொண்டு இயந்திரம் ஓட்டி, ஆழ்குழாய்க் கிணற்று நீரை இறைத்து வீடுகளுக்கு வழங்கினர். மாலையில் விளக்கும் எரிந்தது. விஞ்ஞானி தன் விடையைக் கொண்டுபோன போது தோல்வி; ஊரார் வினாவைக் கேட்டுத் திரும்பிய போது வெற்றி. இந்த நிகழ்ச்சியை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் அடுத்த அத்தியாயத்தில் இப்பாடம் மறக்கப்பட்டது.

காட்டாமணக்குக் கனவு

காட்டாமணக்கை நம் கிராமத்தார் வேலிச்செடியாக அறிவர். ஆடு மாடு வாய் வைக்காது. கிளையை ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக உலகெங்கும் பரவிய செடி அது. அதன் விதையில் எண்ணெய் மிகுதி. 'நீர் வேண்டாம், உரம் வேண்டாம், தரிசில் வளரும், உண்ணும் பயிரோடு போட்டியிடாது' என்று எழுந்த புகழுரை, புத்தாயிரத்தின் தொடக்கத்தில் நாடெங்கும் ஒலித்தது.

2002 டிசம்பர் 31 அன்று டில்லியிலிருந்து அமிர்தசரஸ் சென்ற சதாப்தி ரயில், பயோடீசல் கலந்த எண்ணெயில் ஓடியது. 2003இல் திட்டக்குழு அமைத்த உயிரி எரிபொருள் குழு தன் அறிக்கையைத் தந்தது. டீசலில் ஐந்தில் ஒரு பங்கைச் செடியிலிருந்தே பெற வேண்டும். அதற்கு 112 லட்சம் எக்டேர் நிலம் வேண்டும். எக்டேருக்கு மூன்றே முக்கால் டன் விதை கிடைக்கும் என்பது கணக்கு. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் வடித்த காட்டாமணக்கு பயோடீசலில், 2004இல் மெர்சிடிஸ் கார்கள் நெடும்பயணம் செய்து காட்டின. தமிழகத்திலும் விவசாயிகள் ஒப்பந்த முறையில் இச்செடியை நட ஊக்குவிக்கப்பட்டனர்.

அக்காலத்தில் நம் பொறியியல் கல்லூரிகளில் நடந்த ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு போக்கைக் காண்பர். புங்கு, வேம்பு, இலுப்பை, காட்டாமணக்கு, ரப்பர் விதை என்று எண்ணெயின் பெயர் மட்டும் மாறும். சோதனைக்கூடத்தில் நிற்பது பெரும்பாலும் அதே ஒற்றைச் சிலிண்டர் கிர்லோஸ்கர் இயந்திரமாக இருக்கும். புகை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, திறன் எவ்வளவு என்று அளந்து எழுதிய கட்டுரைகள் குவிந்தன. எண்ணெய் எரியும் என்பதில் யாருக்கு ஐயம்? 1900இலேயே அது எரிந்து காட்டிவிட்டதே! எரியுமா என்று கேட்டவர்கள் பலர். காய்க்குமா என்று கேட்டவர்கள் சிலர். யாருடைய நிலத்தில் என்று கேட்டவர்கள் மிகமிகச் சிலர்.

விடையைச் செடியே சொல்லிற்று. வறட்சியில் காட்டாமணக்கு பிழைத்திருக்கும் என்பது மெய்தான். ஆனால் பிழைத்திருப்பது வேறு, காய்ப்பது வேறு. நீரும் உரமும் இல்லாத இடத்தில் இலை இருந்தது, விதை இல்லை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் இச்செடியை நட்ட விவசாயிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றும், பலர் செடியைப் பிடுங்கிவிட்டனர் அல்லது கவனியாது விட்டுவிட்டனர் என்றும், இழப்பைத் தாங்க வல்லவர் வசதி படைத்தோரே என்றும் கண்டது.

'தரிசு' என்ற சொல்லில் மற்றொரு பிழை ஒளிந்திருந்தது. ஏட்டில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட நிலம், ஏழையின் ஆடு மேயும் இடம். அவன் மனைவி சுள்ளி பொறுக்கும் இடம். தென்மாவட்டத்துத் தரிசுகளில் வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேலத்தை நாம் சபிக்கிறோம். ஆனால் அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைப்போர் ஆயிரமாயிரம் பேர். சாத்தூர் வட்டாரத்தை ஆராய்ந்து 2014இல் இரு அறிஞர்கள் வெளியிட்ட கணக்கின்படி, அந்நிலத்தில் காட்டாமணக்கு தரக்கூடிய பயன்படு ஆற்றலைவிடச் சீமைக்கருவேலம் தந்துகொண்டிருந்த ஆற்றல் இரண்டரை மடங்கு முதல் பத்து மடங்கு வரை அதிகம். எரிபொருள் உண்டாக்குவதற்காக, ஏற்கெனவே எரிபொருள் தந்துகொண்டிருந்த நிலத்தைப் பறிப்பதா? விசித்திரமான கணக்கு அல்லவா!

இந்தக் கனவு முற்றிலும் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டில்லிக்குப் பறந்த ஒரு விமானத்தில், டேராடூன் இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்தார் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்பட்டிருந்தது. விஞ்ஞானம் தன் பங்கைச் செய்தது. செடி தராத விதையை எந்த விஞ்ஞானத்தாலும் வடிக்க இயலாது என்பதே கதையின் சாரம்.

கரும்பிலிருந்து களஞ்சியம் வரை

காட்டாமணக்கு ஓய, எத்தனால் எழுந்தது. 2001இல் மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சோதனை முயற்சி தொடங்கி, 2003 ஜனவரியில் தமிழகம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலோடு நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் வந்தது. கரும்பு பொய்த்த ஆண்டுகளில் அது தடுமாறியது. 2013–14இல் கலந்த அளவு 38 கோடி லிட்டரே. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. பின்னர் வேகம் பெற்று 2022 ஜூனில் நூற்றுக்குப் பத்தும், 2025இல் நூற்றுக்கு இருபதும் எட்டப்பட்டன. அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று. கரும்பாலைகள் மூச்சு விட்டன. இவை மறுக்க இயலாத பயன்கள்.

ஆனால் பாகு மட்டும் போதவில்லை. கரும்புச்சாறும் வடிகலத்துக்குள் சென்றது. 2023 டிசம்பரில் நாட்டின் சர்க்கரை இருப்பைக் கருதி அரசே அதற்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. அரிசியும் மக்காச்சோளமும் தொடர்ந்தன. வெளிநாடுகளுக்கு மக்காச்சோளம் விற்றுவந்த நம் நாடு, 2024இல் வாங்கும் நாடாக மாறியது. கோழித்தீவனத்தின் விலை உயர்ந்ததை நாமக்கல்லின் கோழிப்பண்ணையாளர்கள் நன்கு அறிவர்.

ஆராய்ச்சியாளர் இதை முன்பே உணர்ந்திருந்தனர் என்று சொல்ல வேண்டும். வைக்கோல், கரும்புச்சக்கை முதலிய உண்ணாப் பொருள்களின் நாரைச் சிதைத்துச் சர்க்கரையாக்கும் 'இரண்டாம் தலைமுறை' ஆய்வுக்கு, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2008 அளவிலிருந்து பம்பாயிலும் டில்லியிலும் தனி ஆய்வு மையங்களை வளர்த்தது. 2022 ஆகஸ்ட் 10 அன்று அரியானா மாநிலம் பானிப்பட்டில், ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்ட ஆலை திறக்கப்பட்டது. வயலில் கொளுத்தப்பட்டு டில்லியின் காற்றை நஞ்சாக்கிய வைக்கோல் அது. நாரைச் சிதைப்பது கடினம், செலவும் மிகுதி. ஆயினும் இத்திசையே சரியான திசை என்பது நம் எண்ணம்.

மீண்டும் மலைக்கு

மரவள்ளியின் கதைக்கு வருவோம். 'ஜவ்வரிசி' என்பது ஜாவா அரிசி. மலாயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும், அங்கே கடை வைத்திருந்த நம்மவர் கைகளின் வழியாகவும் வந்த பண்டம் அது. போரில் கப்பல் நின்றதும், 1943–44இல் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யும் முயற்சி சிறு அளவில் பிறந்தது. நாடு பஞ்சத்தில் தவித்த 1944இல், மக்கள் வேகவைத்து உண்ணும் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாகாது என்று சேலம் மாவட்ட ஆட்சியர் தடை விதித்தார். பின்னர் உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து முறையிட்டு அத்தடையை நீக்கிக்கொண்டனர். வயிற்றுக்கா, ஆலைக்கா என்ற வழக்கு இக்கிழங்கின் மீது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது!

1963இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உயர் விளைச்சல் வகைகளைத் தந்தது. கிழங்கிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் முறையையும் ஆராய்ந்தது. பாகில் சர்க்கரை நேரே கிடைக்கிறது. கிழங்கிலோ மாவுச்சத்தை நொதிகளால் சர்க்கரையாக்கிய பின்னரே புளிக்க வைக்க முடியும். தாய்லாந்திலும் சீனத்திலும் இம்முறையில் ஆலைகள் இயங்கியுள்ளன. ஒரு டன் பச்சைக் கிழங்கிலிருந்து ஏறத்தாழ 150 முதல் 180 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 40 லிட்டர் கொள்ளும் காரின் தொட்டியில் இன்று ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதாவது 8 லிட்டர். அதைக் கிழங்கிலிருந்தே எடுப்பதானால் ஒரு முறை தொட்டியை நிரப்ப ஏறக்குறைய 50 கிலோ கிழங்கு வேண்டும். ஒரு குடும்பம் எத்தனை நாள் உண்ணும் என்று நம் இல்லத்தரசிகள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதுவரை மலைக்கிழங்கின் போக்கிடம் ஜவ்வரிசி ஆலையே. வடிகலத்தின் கதவு இப்போது கொள்கையளவில் திறந்திருக்கிறது. அதன் வழியே நல்ல விலை வந்தால் மலை உழவன் அதை ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்பவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சாமையை விட்டு மரவள்ளிக்கு அவன் மாறியதே காசுக்காகத்தான். பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவனுக்கும் சாமையைக் கொடுக்க முடியாது. ஆனால் அம்மாற்றத்தின் விலையையும் மலை கொடுத்திருக்கிறது. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவின் மண் இளகி மழையில் கரைகிறது. ஒரே பயிர் பரவிய இடத்தில் ஒரே நோய் எல்லாரையும் சாய்க்கிறது. 2020இல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் வயல்களைச் சூறையாடியது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அப்பூச்சியை அழிக்கும் சிறு குளவியை வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உழவர்களுக்கு வழங்கியது. ஏத்தாப்பூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக நிலையத்தின் பெயரே 'மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்'. சோற்றுக்கிழங்கும் விளக்கெண்ணெய்ச் செடியும் ஒரே கூரையின் கீழ்!

மற்றொரு முயற்சியும் மலைமேல் நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையின் சிறுதானியங்களைக் காக்க உழைத்தது. சாமை ஏன் மறைகிறது என்று அதன் பணியாளர்கள் ஊராரிடமே கேட்டனர். விலையோடு மற்றொரு காரணமும் வெளிப்பட்டது: உரலில் இட்டு உமி நீக்கும் பாடு. அப்பாடு முழுவதும் பெண்களுடையது. எனவே ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. விதைகளைச் சேமிக்கவும், மாவாக்கிச் சந்தைக்கு அனுப்பவும் மகளிர் குழுக்கள் எழுந்தன. புரா சிற்றூரில் கிடைத்த அதே பாடம்! ஊராரைக் கேட்ட விஞ்ஞானம் ஊரில் வேரூன்றுகிறது.

அப்படியானால் மலைக்கிழங்கிலிருந்து எரிபொருளே கூடாதா? கூடும். ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் எஞ்சும் திப்பியும், துர்நாற்றம் வீசி ஓடைகளைக் கெடுத்த கழிவுநீரும் இருக்கின்றன. அக்கழிவுநீரை மூடிய கலத்தில் தேக்கி வாயு எடுத்து, அதே ஆலையின் தேவைக்கு எரிக்கும் முறையைச் சேலம், நாமக்கல் ஆலைகள் பல மேற்கொண்டுவிட்டன. உணவு உணவாகிறது, கழிவு எரிபொருளாகிறது, ஓடையும் தெளிகிறது. மாதுங்கா விடுதியில் தொடங்கிய வழி இதுதான்.

பச்சை மரத்திலிருந்து மனிதனுக்கு நெருப்பு கிடைப்பதைத் திருமறையின் யாசீன் அத்தியாயம் இறைவனின் அத்தாட்சியாக நினைவூட்டுகிறது. நீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவருக்கும் பங்குண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. ஏழை மேய்த்த புறம்போக்கை எண்ணெய்த் தோட்டமாக்கிய போது நாம் மறந்தது இந்த நெறியைத்தான். புங்கமும் இலுப்பையும் பொதுவிடத்தில் நின்று அனைவருக்கும் விளக்கெரித்த போது, நம் முன்னோர் அறிந்தோ அறியாமலோ கடைப்பிடித்ததும் இந்த நெறியைத்தான்.

இனி வரும் ஆண்டுகளில் புதிய எரிபொருள்களைப் பற்றிய செய்திகள் நம் செவிகளுக்கு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் கேட்கும்போது, எரியுமா என்ற வினாவோடு நின்றுவிடாமல், எங்கே விளையும், அங்கே இப்போது என்ன விளைகிறது, யார் உண்கிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துவோம். அவர்களுள் சிலர் நாளை அந்தச் சோதனைக்கூடங்களில் நிற்கப் போகிறவர்கள். வளப்பூர் நாட்டின் சரிவில் சாமை விதைக்கும் தாயின் கையில் சோறும் இருக்க வேண்டும், அவள் வீட்டில் சுடரும் இருக்க வேண்டும். ஒன்றைப் பறித்து மற்றொன்றைத் தருவது அறிவாகாது. இரண்டையும் தரும் அறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!